இசை வகுப்பில் முதலில் மாற வேண்டியவர் யார்? காது கேளாத கலைஞர்கள் நடத்தும் பள்ளிப் பட்டறைகள்: ஹடர்ஸ்ஃபீல்ட் நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் உள்ள ஹடர்ஸ்ஃபீல்ட், கம்பளித் துணி ஆலைகளுக்கும் கூட்டுப் பாடலுக்கும் பேர்போன ஊர். 1836இல் தொடங்கிய அவ்வூர்க் கோரல் சொசைட்டி இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கிறது. அந்த ஊரைச் சேர்ந்த பால் விட்டேக்கர் என்ற ஆர்கன் கலைஞர் 1988இல் ‘மியூசிக் அண்ட் த டெஃப்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். காது கேளாத குழந்தைகளுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் இசைப் பட்டறைகள் நடத்துவது அதன் முதன்மையான வேலை. விட்டேக்கருக்கும் காது கேட்காது.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான இசைப் பட்டறைகள் எத்தனையோ நாடுகளில் நடக்கின்றன. பெரும்பாலும் அவை ஒரே வார்ப்பில் அமைந்தவை. நல்ல மனம் படைத்த இசைக்கலைஞர் ஒருவர் வாத்தியங்களுடன் பள்ளிக்கு வருவார். குழந்தைகள் தட்டுவார்கள், ஆடுவார்கள். புகைப்படம் எடுப்பார்கள். அவர் போய்விடுவார். ஹடர்ஸ்ஃபீல்ட் முயற்சியில் வகுப்பின் முன்னால் நிற்பவரும் காதொலிக் கருவி மாட்டியவர். இந்த ஒரு வேறுபாட்டால் வகுப்புக்குள் என்னென்ன மாறுகிறது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வின் நோக்கம். ‘முன்மாதிரி’, ‘உத்வேகம்’ போன்ற சொற்களைக் கூடியவரை ஒதுக்கியிருக்கிறேன். அவை பொய்யில்லை, ஆனால் அவற்றைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு எதையும் கவனிக்கத் தேவையில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இத்தகைய பட்டறையில் அதிகம் கற்றுக்கொள்பவர் குழந்தை இல்லை. கூடத்தின் பின்வரிசையில் கைகட்டி நிற்கும் அந்தப் பள்ளியின் இசை ஆசிரியர்தான்.

மறுத்தவர்களும் கேட்டவரும்

விட்டேக்கர் சிறுவயதில் பியானோ கற்றார், பிறகு ஆர்கன். பள்ளிப் படிப்பு முடிந்து இசைப் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது பல்கலைக்கழகங்கள் வரிசையாக மறுத்தன. கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டின் வாடம் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே பட்டம் பெற்று, மான்செஸ்டரின் ராயல் நார்தர்ன் இசைக் கல்லூரியில் மேற்படிப்பு படித்தார். 2007இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஓ.பி.இ. என்ற கௌரவப் பட்டம் அளித்தது. மறுத்தவர்கள் கொடியவர்கள் என்று சொல்ல முடியாது. காது கேளாத இசை மாணவரை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை, அவ்வளவுதான். பார்க்காததை இல்லாதது என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் இதே மறுப்பைச் சந்தித்தவர் ஸ்காட்லாந்தின் எவெலின் கிளென்னி. அபர்டீன்‌ஷயரின் பண்ணைக் குடும்பத்தில் 1965இல் பிறந்தவர். 8 வயதில் கேட்கும் திறன் குறையத் தொடங்கி, 12 வயதில் பெருமளவு போய்விட்டது. எலன் நகரப் பள்ளியில் ரான் ஃபோர்ப்ஸ் என்ற தாளவாத்திய ஆசிரியரிடம் சேர்ந்தார். காது கேளாத பெண் தாளவாத்தியம் கற்க வந்து நின்றால் ஆசிரியர் என்ன செய்வார்? ஃபோர்ப்ஸ் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. எப்படிக் கேட்கிறாய் என்று அவளிடமே விசாரித்தார். டிம்பனி முரசுகளை அவர் ஒலிக்க, அவள் அறைச்சுவரில் உள்ளங்கைகளை வைத்து எந்தச் சுரம் உடம்பின் எந்த இடத்தில் வந்து சேர்கிறது என்று தேடினாள். தாழ்ந்த ஒலிகள் கால்களிலும் பாதங்களிலும், உயர்ந்தவை முகம், கழுத்து, மார்புப் பகுதிகளிலும் உணரப்பட்டதாகப் பின்னாளில் அவர் எழுதியிருக்கிறார்.

லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் முதலில் கிளென்னியைச் சேர்க்கவில்லை. காது கேளாத கலைஞரின் எதிர்காலம் எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். வாசிப்பைக் கேட்டு முடிவு செய்யுங்கள், மற்றதை விடுங்கள் என்று அவர் வாதாடினார். இரண்டாம் முறை வாசித்து 1982இல் உள்ளே போனார். அதன் விளைவாக, உடல் குறையைக் காரணம் காட்டி விண்ணப்பத்தை ஒதுக்கக் கூடாது என்று பிரிட்டனின் இசைக் கல்வி நிறுவனங்களின் சேர்க்கை முறையே மாறியது என்று கிளென்னி சொல்லிவருகிறார். லண்டன் 2012 ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் ஆயிரம் முரசுக் கலைஞர்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். 2015இல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசும் பெற்றார்.

கிளென்னியின் கதையை எல்லோரும் கிளென்னிக்காகச் சொல்கிறார்கள். பள்ளிப் பட்டறைகளைப் பற்றிப் பேசும்போது அதை ஃபோர்ப்ஸுக்காகச் சொல்ல வேண்டும். அவர் காது கேட்பவர். அவருக்கு விடை தெரியாது. ஆனால் கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டார். எல்லாப் பள்ளிகளிலும் ஒரு ஃபோர்ப்ஸ் கிடைக்கமாட்டார். பட்டறைகள் தேவைப்படுவது அதனால்தான்.

கேளாமை என்றால் நிசப்தம் இல்லை

காது கேட்பவர்கள் செய்யும் முதல் பிழை, கேளாமையை முழு நிசப்தமாகக் கற்பனை செய்வது. காது கேளாத குழந்தைகள் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவு கேட்கிறது. தாழ்ந்த ஒலி கேட்கும், உயர்ந்தது கேட்காது. அல்லது ஒலி கேட்கும், உருவம் தெளியாது. அதன் மேல் கருவியின் வேலை வந்து சேர்கிறது. இந்த இடம்தான் விஷயத்தின் மையம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

காதொலிக் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. சாதாரண உரையாடல் 60, 65 டெசிபல் அளவில் இருக்கும். நான்கு முரசுகள் சேர்ந்தால் 100ஐத் தாண்டிவிடும். அந்த அளவைப் பல கருவிகளால் உள்வாங்க முடியாது. ஒலி கிழிந்து கரகரப்பாகிவிடும். இதைத் தவிர்க்கச் சில கருவிகள் உரத்த ஒலியைத் தாமே அமுக்கிவிடும், மெல்லிய ஒலியைத் தூக்கிவிடும். பேச்சுக்கு இது பெரிய உதவி. இசையில் மெல்லத் தொடங்கி ஓங்கி எழும் இடம் முழுவதும் ஒரே மட்டத்தில் தட்டையாகக் கேட்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கருவியின் ‘கீச்’ ஒலியைத் தானே கண்டுபிடித்து அடக்கும் ஏற்பாடு ஒன்று உள்ளே இருக்கிறது. புல்லாங்குழலின் நீண்ட சுரத்தை அது தன் கீச்சொலி என்றே நினைத்து அடக்கப் பார்க்கும். குழந்தையின் காதில் அந்தச் சுரம் தள்ளாடும். பின்னணி இரைச்சலைக் குறைக்கும் ஏற்பாடோ, சுருதிபோல் மாறாமல் நிற்கும் ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணிக் குறைத்துவிடும்.

காக்ளியர் இம்பிளான்ட் (உட்செவிக்குள் அறுவைச் சிகிச்சையால் வைக்கும் மின்கருவி) பொருத்திய குழந்தையின் நிலை வேறு. நலமான உட்செவியில் ஒலியை உணரும் உள்வரிசை முடிச்செல்கள் ஏறக்குறைய 3,500. இம்பிளான்டில் அந்த வேலையைச் செய்யும் மின்முனைகள், தயாரிப்பாளரைப் பொறுத்து, 12 முதல் 22 வரைதான். தாளம் இவர்களுக்கு நன்றாகப் பிடிபடுகிறது. சுரம் பிடிபடுவதில்லை. பாடல் வரிகளை எடுத்துவிட்டு வெறும் மெட்டை வாசித்தால், நன்கு தெரிந்த பாட்டையே அடையாளம் காணத் திணறுவார்கள்.

இனி ஒரு சாதாரணப் பள்ளியின் இசை வகுப்பை எண்ணிப் பாருங்கள். பிரிட்டனில் காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோர் சாதாரணப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். பல வகுப்புகளில் அப்படி ஒரே ஒரு குழந்தைதான் இருக்கும். ஆசிரியர் கழுத்தில் மைக் மாட்டியிருப்பார். அதிலிருந்து வரும் குரல் ரேடியோ அலையில் நேரே குழந்தையின் கருவிக்குப் போகும். கணக்கு வகுப்புக்கு அது வரம். இசை வகுப்பில் மைக்கை அணைக்காமல் ஆசிரியர் மூலையில் இருக்கும் டிரம்மின் பக்கத்தில் போய் நின்றால், குழந்தைக்குத் தன் கையிலுள்ள வாத்தியம் கேட்காது, அந்த டிரம்தான் கேட்கும். குழந்தை தாளம் தப்புகிறது. பாவம், காது கேட்காதல்லவா என்று ஆசிரியர் அனுதாபப்படுகிறார். அடுத்த வாரம் அதன் கையில் ஒரு முக்கோண மணியைக் கொடுத்து ஓரமாக நிறுத்துகிறார். அந்த மணியின் ஒலியோ மிக உயர்ந்த அதிர்வெண். அந்தக் குழந்தைக்குக் கேட்க வாய்ப்பே இல்லாத பகுதி.

இந்தச் சங்கிலியில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. விவரம் தெரியவில்லை. இந்த விவரங்கள் செவியியல் நூல்களில் இருக்கின்றன. ஆனால் இசை ஆசிரியர் செவியியல் படிப்பதில்லை, செவியியலாளர் வகுப்பறைக்கு வருவதில்லை. இரண்டையும் உடம்பிலேயே சுமந்துகொண்டு வருபவர் காது கேளாத இசைக்கலைஞர். குழந்தை தப்பாக அடிக்கும்போது, அது சோம்பலா, புரியாமையா, பேட்டரி தீர்ந்ததா என்று அவருக்குத் தெரியும்.

அந்த ஒரு மணி நேரம்

காது கேளாதவர் நடத்தும் வகுப்பு வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. நாற்காலிகள் வரிசையாக இல்லாமல் லாட வடிவில் இருக்கும், எல்லோருக்கும் எல்லோர் முகமும் தெரிவதற்காக. நடத்துபவர் சன்னலுக்கு முதுகு காட்டி நிற்கமாட்டார். பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் இருண்டு உதட்டசைவு தெரியாமல் போகும். வாத்தியத்தை விளக்கும்போது முதலில் பேசுவார், பேச்சை நிறுத்துவார், பிறகு வாத்தியத்தைக் காட்டுவார். உதட்டைப் பார்க்கும் கண்ணால் அதே நேரத்தில் வாத்தியத்தைப் பார்க்க முடியாது. காது கேட்கும் ஆசிரியர்கள் வாசித்துக்கொண்டே விளக்கிப் பழகியவர்கள். இந்த ஓர் இடத்தை மட்டும் கவனித்துக் கற்றுக்கொண்டாலே அவர்களுடைய வகுப்பு பாதி மாறிவிடும் என்பது என் எண்ணம்.

மரத்தரை உள்ள கூடமாக இருந்தால் காலணிகளைக் கழற்றச் சொல்வார். பெரிய முரசு, கோங், மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவின் தாழ்ந்த பகுதி என்று அடியிலிருந்து தொடங்கி மேலே போவார். ஊதிய பலூனை விரல்நுனிகளால் பிடித்துக்கொண்டு முரசின் பக்கத்தில் நிற்கச் சொல்வதும் உண்டு. காற்றின் அதிர்வைப் பலூன் தோல் வாங்கி விரலுக்குத் தரும். இவையெல்லாம் எளிய உத்திகள், யாரும் செய்யலாம். யாரும் செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது.

வகுப்பில் ‘எனக்குக் கேட்கவில்லை, என்னைப் பார்த்து இன்னொரு முறை சொல்’ என்று முதலில் சொல்பவர் அந்தப் பெரியவராக இருக்கிறார். வழக்கமாக அதைச் சொல்ல வேண்டிய சுமை முப்பது பேர் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு குழந்தையின் தலையில் விழும். இரண்டு முறை சொல்லும், மூன்றாம் முறை புரிந்ததுபோல் தலையாட்டிவிடும். இந்தத் தலையாட்டலைக் காது கேளாதோர் எல்லோருக்கும் தெரியும்; ஆசிரியர்கள் பெரும்பாலோருக்குத் தெரியாது. வாத்தியார் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், காது கேட்கும் பிள்ளைகள் தாமாகவே திரும்பி நின்று, கையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராகப் பேசத் தொடங்குகிறார்கள். விதிமுறையை யாரும் சுவரில் ஒட்ட வேண்டியதில்லை.

தாளத்தைச் சேர்ந்து தொடங்குவதிலும் இதே கதைதான். காது கேளாத குழந்தை பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்து அடிக்கிறது. பார்த்து அடிப்பது எப்போதும் ஒரு நூலிழை பின்தங்கும். அதைக் காது கேட்பவர்கள் ‘தாள உணர்வு இல்லை’ என்று எழுதிவைப்பார்கள். அடிக்கு முன்னால் ஒரு மூச்சு, தோளின் ஓர் அசைவு, கண்ணின் ஒரு சந்திப்பு என்று முன்னறிவிப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி கொடுத்தால் அந்தப் பின்தங்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். ராயல் நார்தர்ன் கல்லூரியில் ராபர்ட் ஃபுல்ஃபர்டும் ஜேன் கின்ஸ்போர்க்கும் செய்த ஆய்வு, கேட்கும் திறன் குறையக் குறைய இசைக்கலைஞர்கள் உடன் வாசிப்பவரைப் பார்ப்பது கூடுகிறது என்று காட்டியது. நம் கச்சேரி மேடையில் மிருதங்கக்காரர் பாடகரின் தொடைத் தாளத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் இருப்பதும் இந்த வகைதான். அங்கே அதற்குப் பெயர் நுணுக்கம். பள்ளியில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தால் அதற்குப் பெயர் குறைபாடு.

சுரக்குறிப்பைப் படிப்பதற்கும் இங்கே தனி இடம் உண்டு. காதில் விழாத சுரத்தை ஏட்டில் பார்த்து மனத்துக்குள் ஒலிக்கச் செய்வது விட்டேக்கரைப் போன்றவர்களுக்கு இசையின் நேர்வழி. பல பள்ளிகள் காது கேளாத குழந்தைகளுக்குச் சுரக்குறிப்பு ‘கடினம்’ என்று விட்டுவிட்டு வெறும் தட்டலோடு நிறுத்திக்கொள்கின்றன. பட்டறையின் நல்ல விளைவுகளில் ஒன்றாக, இந்தத் தயவை ஆசிரியர் நிறுத்திக்கொள்வதைச் சொல்லலாம்.

தோல் எவ்வளவு கேட்கும்

காது கேளாதவர்கள் அதிர்வால் இசையை உணர்கிறார்கள் என்பது இன்று செய்தித்தாள்களின் வழக்கமான வாக்கியம். பாதி உண்மை. மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும்.

தோலில் அதிர்வை உணரும் நுண்ணுறுப்புகள் 250 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 250 அதிர்வு) அளவில் மிகக் கூர்மையாக வேலை செய்கின்றன. 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் பேராசிரியர் கார்ல் ஹாப்கின்ஸ், ராயல் நார்தர்ன் கல்லூரியுடன் சேர்ந்து இதை இசைச்சுரங்களை வைத்தே அளந்தார். விரல்நுனியிலும் பாதத்திலும் பயன்படும் எல்லை ஏறக்குறைய 800 ஹெர்ட்ஸ் வரைதான் என்று தெரிந்தது. அந்த அளவீட்டில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: அதிர்வை உணரும் தொடக்க அளவில் காது கேட்பவருக்கும் கேளாதவருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கேளாதவரின் தோலில் மாயம் எதுவும் கிடையாது. அவர் அதைக் கவனிக்கப் பழகியிருக்கிறார். மூளை அந்தச் செய்தியை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பது தனிக் கேள்வி. 2001இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டீன் ஷிபாட்டா, காது கேளாதவர்கள் அதிர்வை உணரும்போது மூளையில் வழக்கமாக ஒலிக்கென்று இருக்கும் பகுதி செயல்படுவதை ஸ்கேனில் காட்டினார்.

நம் கணக்கில் இதைச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண்குரலின் ஆதார ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ், மேல் ஷட்ஜம் 262. ஐந்து கட்டையில் பாடும் பெண்குரலின் மேல் பஞ்சமம் 590ஐ ஒட்டி நிற்கும். ஆக, கர்நாடக இசைக் குரலின் நடமாட்டம் முழுவதும் தோல் உணரும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். உணர்வது வேறு, பிரித்தறிவது வேறு. அரைச்சுர இடைவெளியைத் தோல் எளிதில் பிரித்துக் காட்டாது. பயிற்சியால் ஓரளவு கூடும். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் தோலுக்கு எட்டாத பொருள். இந்த எல்லையைக் குழந்தைகளிடம் மறைக்காமல் சொல்லக் கூடியவரும் காது கேளாத கலைஞர்தான். காது கேட்பவர் சொன்னால் அது மறுப்பாகிவிடும். கேளாதவர் சொன்னால் தொழில்நுணுக்கம்.

இசையே வேண்டாம் என்பவர்கள்

இப்பட்டறைகளுக்குக் காது கேளாதோரிடமிருந்தே எதிர்ப்பு உண்டு. அதைத் தள்ளிவிட்டு இந்த ஆய்வை எழுத முடியாது.

1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாதோர் கல்வியில் சைகை மொழியை விலக்கிப் பேச்சுப் பயிற்சியை மட்டும் வைக்கத் தீர்மானித்தது. அதன் நிழல் நூறாண்டுகள் நீடித்தது. அந்தக் காலம் முழுவதும் காது கேளாதோர் பள்ளிகளில் இசை நுழைந்தபோதெல்லாம் பேச்சுப் பயிற்சியின் கருவியாகவே பெரும்பாலும் நுழைந்தது: தாளம் தட்டினால் உச்சரிப்பு வரும், மூச்சு வரும் என்று. அதனால் ஒரு தலைமுறைக்கு இசை என்றாலே காது கேட்பவர்கள் தங்கள் மேல் சுமத்திய பண்டம். சைகை மொழியின் தாளமும் கவிதையும் எங்களுக்கு இருக்கிறது, உங்கள் இசை எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு மறுபக்கமும் பழையதுதான். அமெரிக்காவில் 1848இலேயே, காது கேளாத மாணவி ஒருவர் பியானோ கற்றதை விவரிக்கும் கட்டுரை காது கேளாதோர் கல்வி இதழில் வந்திருக்கிறது. விருப்பத்துடன் தேடிப்போனவர்களும் எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

சைகையில் பாடுவதைப் பற்றிய சச்சரவு இன்னும் கூர்மையானது. பள்ளி ஆண்டுவிழாவில் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கையசைத்துச் சைகைப் பாட்டு ‘பாடுவார்கள்’. பெற்றோர் கண்கலங்குவார்கள். பல நேரங்களில் அந்தச் சைகைகள் ஆங்கில வரிகளின் சொல்லுக்குச் சொல் அடுக்கு. பிரிட்டிஷ் சைகை மொழியின் இலக்கணம் அதில் இருக்காது, காது கேளாதவர் பார்த்தால் பொருள் புரியாது. யாருக்காக அந்த நிகழ்ச்சி? விட்டேக்கர் இசைநாடகங்களையும் கச்சேரிகளையும் சைகையில் நிகழ்த்தி வந்தவர். பாட்டின் பொருளோடு வாத்தியங்களின் போக்கையும் உடம்பில் காட்டும் வேலை அது; சொல்லடுக்குக்கும் அதற்கும் வெகுதூரம். பள்ளிகள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. கலைஞர் வந்த அன்று கற்ற நான்கு சைகைகளை வைத்துக்கொண்டு மறுவாரமே விழா நடத்திவிடுகிறார்கள்.

ஒருநாள் பட்டறையின் பலவீனமும் இதுதான். ஒரே நாளில் உற்சாகம் வரும், திறமை வராது. மியூசிக் அண்ட் த டெஃப் இதைப் புரிந்துகொண்டதாகவே தெரிகிறது. பட்டறைகளோடு நில்லாமல் ஆசிரியர் பயிற்சி, பள்ளி முடிந்த பின் நடக்கும் இசை மன்றங்கள், காது கேளாத இளையோருக்கான இசைக்குழு என்று தொடர்ச்சியான வேலைகளுக்கு அது விரிந்தது. பட்டறை நாளில் பின்வரிசை ஆசிரியரைக் கவனிக்கச் சொன்னது இதற்காகத்தான். கலைஞர் ஊருக்குத் திரும்பிவிடுவார். அடுத்த செவ்வாய்க்கிழமை அதே கூடத்தில் மைக்கை அணைக்க வேண்டியவர் அந்த ஆசிரியர்.

பொறுப்பும் பணமும்

விட்டேக்கர் 2015இல் நிறுவனத்தை விட்டு விலகினார். தொண்டு நிறுவனங்களில் நிறுவியவர் போனதும் நிர்வாகம் தெரிந்த யாரோ ஒருவர் வந்து உட்காருவார்; பெயரில் மட்டும் பழைய நோக்கம் இருக்கும். இங்கே கலைப்பொறுப்பு டேனி லேன் என்ற பியானோ கலைஞரிடம் போனது. அவரும் காது கேளாதவர். தலைமை ஒரு மனிதரின் சாதனையாக நின்றுவிடாமல் பதவியின் தகுதியாக மாறியதற்கு இது சான்று என்று எடுத்துக்கொள்கிறேன்.

பணம் இன்னொரு கதை. காது கேளாத கலைஞர் பள்ளிக்குப் போக வேண்டுமானால் பல நேரம் சைகை மொழிபெயர்ப்பாளரும் உடன் வர வேண்டும். அதற்குத் தனிக் கூலி. பிரிட்டனில் ‘ஆக்சஸ் டு வொர்க்’ என்ற அரசுத் திட்டம் 1994 முதல் இத்தகைய செலவை ஏற்கிறது. பள்ளியின் பார்வையில் காது கேளாத கலைஞரும் கேட்கும் கலைஞரும் ஒரே விலைக்குக் கிடைப்பதற்கு இப்படி ஏதாவது ஒரு ஏற்பாடு வேண்டும். இல்லாவிட்டால் எந்தத் தலைமையாசிரியரும் மலிவானவரைத்தான் கூப்பிடுவார்.

சம்பள விஷயத்தில் ஒரு படி மேலே போனது இங்கிலாந்தின் போர்ன்மத் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா. அது 2018இல் ‘பி.எஸ்.ஓ. ரெசவுண்ட்’ என்ற சிறு குழுவைத் தன் உறுப்பாகவே அமைத்தது. அதன் இசை நடத்துநர் ஜேம்ஸ் ரோஸ் பெருமூளை வாதம் உள்ளவர். கையால் கோல் பிடிக்க முடியாது என்பதால் தலையில் பொருத்திய கோலை அசைத்து நடத்துகிறார். குழுவின் கலைஞர்களும் மாற்றுத்திறனாளிகள். அதே ஆண்டு ஆகஸ்டில் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பி.பி.சி. ப்ராம்ஸ் இசைவிழா மேடையில் வாசித்தார்கள். 2019இல் ராயல் ஃபில்ஹார்மானிக் சொசைட்டியின் விருதும் வந்தது. பள்ளிகளுக்குப் போவதும் இவர்கள் வேலையில் ஒரு பகுதி. தொழில்முறை ஆர்கெஸ்ட்ராவின் கலைஞர் என்ற தகுதியோடு ஒருவர் வகுப்புக்குள் நுழையும்போது ஆசிரியர் அவரிடம் கேட்கும் கேள்விகளின் தரமே வேறாகிறது. ‘உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா’ என்பதில் தொடங்காமல் ‘இந்த இடத்தில் எப்படிக் குழுவை நிறுத்துகிறீர்கள்’ என்று தொடங்குவார்கள்.

நம் பள்ளிகளில் உட்கார்ந்திருப்பவர்கள்

தமிழ்நாட்டில் பார்வையற்ற பிள்ளை என்றால் ஆர்மோனியம், காது கேளாத பிள்ளை என்றால் தையலும் ஓவியமும் என்று ஒரு பங்கீடு வெகுகாலமாக இருக்கிறது. அதைக் கேள்வி கேட்க வேண்டிய கட்டாயம் இப்போது வந்திருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சாதாரண அரசுப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உள்ளடக்கிய கல்வியையும், பிற பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பங்கேற்கும் வாய்ப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது. சிகிச்சைக்குப் பின் நடக்கும் பயிற்சியோ பேச்சை நோக்கியே போகிறது. பாட்டு வகுப்பில் இந்தக் குழந்தையை என்ன செய்வது என்று ஆசிரியருக்குச் சொல்லித்தர யாரும் வருவதில்லை. பல பள்ளிகளில் பாட்டு ஆசிரியரே இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை. அதை இங்கே விரித்தால் வேறு கட்டுரை ஆகிவிடும்.

யார்க்‌ஷயர் முறையை அப்படியே பெயர்த்துவர முடியாது. மரத்தரைக் கூடம் நம்மிடம் இல்லை. சிமெண்டுத் தரையிலும் மொசைக்கிலும் அதிர்வு அவ்வளவாகத் தெரியாது. மர பெஞ்சில் தெரியும். தவிலின் தொப்பிப் பக்கத்தை பெஞ்சில் சாய்த்து வைத்துத் தட்டி, மறுமுனையில் குழந்தை கைவைத்தால் தெரியும். கடம் வாசிப்பவர் வயிற்றோடு அணைத்தே வாசிக்கிறார். பறையின் தோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வாத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. தாளமே பாடமாக இருக்கும் மரபு நம்முடையது. இம்பிளான்ட் பொருத்திய குழந்தைக்கு நன்றாகப் பிடிபடுவதும் தாளம்தான்.

இல்லாதது முன்னால் நிற்க வேண்டிய ஆள். காது கேளாத தாளவாத்தியக் கலைஞரை நாம் இனிமேல்தான் உருவாக்க வேண்டும், அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடிக்கும். தொடங்குவதற்கு இடம் இருக்கிறது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் தவிலும் மிருதங்கமும் கற்றுத்தருகிறார்கள், கட்டணமும் சொற்பம். காதுக்குப் பின்னால் கருவி மாட்டிய பன்னிரண்டு வயதுப் பிள்ளை அங்கே விண்ணப்பத்தோடு வந்தால், தாளம் போடச் சொல்லிப் பார்த்த பிறகே சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.